வெறுங்கழுத்து

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில் துண்டும் சீயக்காயும் எண்ணெய்ப் பொட்டலமும் விற்கிற வேல்சாமி, பிறந்தது முதல் ஒருநாள்கூட அருவியில் தலையைக் கொடுத்தது கிடையாது. ஊர் உலகமெல்லாம் வேன் பிடித்து வந்து குளித்துவிட்டு, அவரிடம் வாங்கிய துண்டாலேயே தலையைத் துவட்டிக்கொண்டு போகும். அவரோ சாயங்காலம் மேலகரத்து வீட்டுக்குப் போய், வாளித் தண்ணீரில் ஒரு செம்பு வெந்நீரும் கலந்து ஊற்றிக்கொள்வார். கேட்டால், "அருவித் தண்ணி நமக்குச் சேராது, சளி புடிக்கும்" என்பார். அவரைப் பிடித்திருப்பது சளி இல்லை, பயம் என்பது கடைத்தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும்.

பயப்படுவதில் அவர் பாரபட்சம் பார்ப்பதில்லை. குரங்குக்குப் பயம், இடிக்குப் பயம். சீசன் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் துண்டு விலை கேட்டால்கூட எழுந்து நின்றுவிடுவார். பேருந்தில் டிரைவருக்குப் பின் இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார், எதிரே வரும் லாரி கண்ணில் படும் என்பதால்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த பெண்டாட்டி சங்கரேஸ்வரி. கடையை ஒட்டி அடுப்புப் போட்டு, கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலேயே நேந்திரங்காயைச் சீவித் தள்ளுகிறவள். ஒருமுறை மதுரைக்காரப் பெண் ஒருத்தியின் கைப்பையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு கூரையில் ஏறிவிட்டது. கூட்டமே கூச்சல் போட்டது. இவள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை முறைத்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் பை கீழே விழுந்தது.

"நாம பயந்தாத்தான் அது பல்லக் காட்டும்" என்று புருஷனிடம் சொன்னாள். "நீங்க அதப் பாத்ததும் எந்திரிச்சு ஓடுதீய. பொறவு அது வெரட்டாம என்ன செய்யும்?"

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. முதலில் அதற்காக அழுதார்கள், பிறகு பழகிப்போனது. இடி இடிக்கிறபோது அவர் அவள் பக்கமாக நகர்ந்து படுப்பார். அவளும் கேலி பண்ணாமல் ஒரு கையைத் தூக்கி அவர் மேல் போட்டுக்கொள்வாள். அவருக்கு இருந்த தைரியம் மொத்தமும் அந்தக் கைதான்.

ஐப்பசி மழையில் அந்தக் கை விழுந்துவிட்டது. முதலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அது நின்று சில நாள் கழித்து, "காலு மரத்துக் கெடக்கு. செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியல" என்றாள். மறுநாள் சிப்ஸ் அள்ளுகிற சட்டுவத்தைத் தூக்க முடியவில்லை. அதற்கும் மறுநாள் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. கடையநல்லூரில் உரக்கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் தளவாய் கார் எடுத்து வந்து, தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் ஜாஹிரா பீவியும் கடையநல்லூர்க்காரர்தான். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி நரம்புகளைத் தாக்குகிற நோய் இது என்றார். பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள், ஆனால் மெல்லத்தான் தேறுவார்கள். மூச்சு இழுக்கிற தசைகளும் அசந்துவிட்டதால், அவை திரும்புகிற வரைக்கும் மிஷின்தான் மூச்சு விட வேண்டும்.

வாய் வழியாகக் குழாய் போடுவதற்கு ஆயத்தம் செய்தபோது வேல்சாமி கதவோரம் நின்றிருந்தார். சங்கரேஸ்வரி கண்ணைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கையில் ஏதோ பளபளவென்று மின்னியது. அவ்வளவுதான், வேல்சாமி வேரோடு சாய்ந்த வாழை மாதிரி மடாரென்று தரையில் விழுந்தார். தலை கதவில் இடித்த சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். மயக்க மருந்து ஏறுவதற்கு முன்னால் சங்கரேஸ்வரி கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு அவர் உள்ளே போகவே இல்லை.

போக நினைக்காமல் இல்லை. தினமும் காலையில் முகம் கழுவி, திருநீறு பூசி, இன்றைக்குப் போய்விட வேண்டும் என்று கதவு வரைக்கும் வருவார். யாராவது கதவைத் திறப்பார்கள். உள்ளேயிருந்து அந்த மிஷின் மூச்சு விடுகிற சத்தம் வரும். அவருடைய கால் இரண்டும் குழைந்துவிடும். திரும்பி வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்ததும் தன்மேலேயே வெறுப்பு வரும், அதற்கும் மேலே பயம் வரும்.

"அண்ணாச்சி, ஒருதடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்று நர்ஸ் ரூபி கூப்பிட்டுப் பார்த்தாள். "மயக்கமெல்லாம் இப்ப இல்ல. அவங்களுக்கு எல்லாம் கேக்கும். கண்ணு முழிச்சுப் பாப்பாங்க."

அது அவரை இன்னும் பயமுறுத்தியது. கேட்கிறது, தெரிகிறது, ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்கிறாள் என்றால், அந்தக் கண்ணுக்கு முன்னால் போய் நின்று என்ன சொல்வது? "நாளைக்கு வாரேன் சிஸ்டர்" என்றார்.

தளவாய்க்குத் தங்கை புருஷன்மேல் கோபமான கோபம். அவரும் அவர் மனைவி முத்துச்செல்வியும் வேளை தவறாமல் உள்ளே போய் வந்தார்கள். ஆனால் சங்கரேஸ்வரியின் காதுபட வேல்சாமியின் பேரைக்கூட எடுப்பதில்லை. பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் துப்பில்லாதவன் வெளியே குந்தியிருக்கிறான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்பது தளவாயின் கணக்கு. பேச்சே எடுக்காமல் இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தார்.

இரண்டு வாரம் நெருங்குகிற சமயத்தில் டாக்டர் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வாயில இருக்க கொழாய ரொம்ப நாளைக்கு அப்பிடியே வைக்க முடியாது அண்ணாச்சி. உள்ள புண்ணாயிரும், சளி எடுக்கவும் செரமம். கழுத்துல, இங்கன" என்று தன் தொண்டைக் குழியைத் தொட்டுக் காட்டினார். "சின்னதா ஒரு தொள போட்டு, அது வழியாக் கொழாயப் போட்டுருவோம். தேறினதும் எடுத்துருவோம், தொள பெரும்பாலும் தானா மூடிக்கிடும்."

வேல்சாமியின் கை அவரை அறியாமல் தன் கழுத்துக்குப் போனது.

"எத்தன மணிக்கு ஆப்ரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவீய?" என்று கேட்டார் தளவாய்.

"தியேட்டர் வேண்டாம். படுத்திருக்க கட்டில்லயே வச்சுப் பண்ணிருவோம்."

"கட்டில்ல வச்சா? ஏம்மா, கழுத்துல கை வைக்கிற காரியம். வீட்டுல கோழி அறுக்க மாதிரி அங்கனயே வச்சா பண்ணுவாவ?"

டாக்டர் கோபப்படவில்லை. இந்தக் கேள்வி அவருக்குப் பழகிப்போனது போலிருந்தது. "ஊசி குத்தி, அது வழியா மெல்லிசா ஒரு கம்பிய விட்டு, தொளைய மெதுவாப் பெருசாக்குவோம். உள்ள கேமராவ விட்டுப் பாத்துக்கிட்டேதான் பண்ணுதோம். மயக்க டாக்டரும் கூட நிப்பாரு. தியேட்டர் மூணாவது மாடியில இருக்கு. மிஷினக் கழட்டி, கையால காத்த அமுக்கிக்கிட்டே, அத்தன வயரோட லிப்டுல ஏத்தி எறக்கணும். வழியில கொழாய் கொஞ்சம் நழுவினாப் போதும். தொளையவிட அந்தப் பயணத்துக்குத்தான் நான் பயப்படுதேன். தியேட்டர் வாடக, அங்க உள்ள ஆள் செலவு ஒண்ணும் கெடையாது, பாதிக்கும் கீழதான் ஆகும். ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். ரத்தம் கசியலாம், கொழாய் எடம் மாறலாம். அதுக்கெல்லாம் தயாராத்தான் நிப்போம்."

பாதிக்கும் கீழே என்ற வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. விலை குறைந்த மூட்டையில் என்ன இருக்கும் என்று உரக்கடைக்காரருக்குத் தெரியாதா? வெளியே வந்ததும், "செலவு நான் பாத்துக்கிடுதேன் மாப்ள, எந்தங்கச்சிக்கு மலிவு வைத்தியம் வேண்டாம்" என்று குதித்தார். வேல்சாமிக்கு வேறு விதமான பயம். மாடிக்குக்கூடக் கொண்டுபோக வேண்டாம் என்றால், அவளைப் பிழைக்கமாட்டாள் என்று கைகழுவிவிட்டார்களோ? கேட்கவும் பயம். டாக்டர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"அவங்களுக்குப் பூரா நெனவு இருக்கு. அவங்ககிட்டயும் சொல்லணும்" என்றார் டாக்டர்.

"ஐயோ, வேண்டாம்மா, பயந்துருவா" என்று தளவாய் கையெடுத்துக் கும்பிட்டார். "நாங்களே பக்குவமாச் சொல்லிக்கிடுதோம்."

சொல்லவில்லை. பதிலாக, சொந்தபந்தங்களுக்குப் போன் போட்டார். கழுத்தில் கை வைக்கப்போகிறார்கள், எதற்கும் ஒருதடவை வந்து பார்த்துவிடுங்கள் என்றார். அன்றைக்குப் பகல் முழுக்க இலத்தூரிலிருந்தும் பண்பொழியிலிருந்தும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், கட்டில் கால்மாட்டில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்பது எல்லோருக்கும் சொல்லிவைத்த சங்கதி.

மறுநாள் காலை ரூபி வெளியே வந்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை வேல்சாமியிடம் கொடுத்தாள். "கழுத்துல ஒண்ணும் இருக்கப்படாதுல்லா, கழட்டிட்டேன். பத்திரமா வச்சுக்கோங்க அண்ணாச்சி. அன்னைக்கு ஊசி போடக் கழட்டுன வளையலும் இதுலதான் கெடக்கு." அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. மிஷின் ஒன்று விடாமல் கத்த ஆரம்பித்தது. காலடிச் சத்தங்கள் ஓடின. கதவு திறந்து மூடும்போதெல்லாம் அந்தக் கத்தல் வராந்தாவில் வந்து விழுந்தது. வேல்சாமி காதைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் முகம் வாடி வெளியே வந்தார். "நாடித் துடிப்பு திடீர்னு எகிறிட்டு, பிரஷரும் ஏறுது. இந்த நோயில இப்பிடி ஆகுறது உண்டு. மருந்து குடுத்தும் பெருசா எறங்கல. இந்த நெலமையில கை வைக்க முடியாது."

"நான் அப்பமே சொன்னம்லா?" என்று தளவாய் கத்தினார். "இனிமே இங்க வேண்டாம். திருநெல்வேலிக்குக் கொண்டுபோயி, பெரிய தியேட்டர்ல வச்சுப் பண்ணிக்கிடுதோம். ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு."

"மாடிக்கே வேண்டாம்னு சொன்னேன். இந்தத் துடிப்போட அவ்வளவு தூரம் ரோட்டுலயா?" டாக்டரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "வழியில என்னமும் ஆச்சுன்னா என்ன செய்வீங்க? நேத்து வரைக்கும் நல்லா இருந்தாங்க. காலையில என்னதான் நடந்துச்சு ரூபி?"

"ஒண்ணும் நடக்கல டாக்டர். மூஞ்சியத் தொடச்சு விட்டேன். பொறவு தாலியக் கழட்டினேன், அதுலேருந்துதான் இப்பிடி."

வேல்சாமி மடியில் கிடந்த பையைப் பார்த்தார். உடைபடாமல் கழற்றிய பச்சைக் கண்ணாடி வளையல்கள். அவற்றுக்கு நடுவே சுருண்டு கிடந்த தாலிக்கொடி. முகத்தைத் துடைத்தேன் என்கிறாள், அப்படியென்றால் பொட்டும் இல்லை. வளையல், பொட்டு, தாலி. சாவு வீட்டில் ஒரு பெண்ணிடமிருந்து என்னென்ன எடுப்பார்களோ அதெல்லாம் சங்கரேஸ்வரியிடமிருந்து எடுத்தாகிவிட்டது.

அவள் கண் முன்னால் தாம் விழுந்தது நினைவுக்கு வந்தது. தலை இடித்தது, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவரைப் பார்க்கவில்லை. அண்ணன் அவர் பேரையே எடுப்பதில்லை. நேற்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். இன்று தாலியும் இறங்கிவிட்டது.

"ஐயோ, நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டா!" என்றார்.

தளவாய்க்குப் புரியவில்லை. "என்ன வே ஒளறுதீரு?"

வேல்சாமி பையோடு எழுந்து கதவை நோக்கி நடந்தார். பயம் போய்விட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. எப்போதும் திரும்பி வருகிற அதே இடத்தில் இன்றைக்கும் நின்றார். ஆனால் உள்ளே அவள் தனியாக, ஒரு சொட்டுச் சத்தம் போட வழியில்லாமல், அவருக்காக ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறாள். அதை நினைத்தபோது, அங்கேயே நிற்பதுதான் அதிக பயமாக இருந்தது. ரூபி கொடுத்த முகக்கவசத்தைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

சங்கரேஸ்வரி மெலிந்து, கட்டிலில் துணி போலக் கிடந்தாள். வாயில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. வெறும் நெற்றி, வெறுங்கழுத்து. கண்கள் மட்டும் விரிந்து மேலே வெறித்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணில் இருந்தது என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பது வருஷமாகத் தினமும் கண்ணாடியில் பார்த்து வந்ததுதான்.

முகக்கவசத்தை இழுத்துக் கீழே விட்டார். ரூபி தடுக்க வந்தாள், டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"ஏட்டி சங்கரி, இங்க பாரு. நாந்தான். நான் சாகலட்டி."

கண்கள் திரும்பின. அவர் முகத்தில் வந்து நின்றன. நம்பவில்லை. அவர் அவளுடைய உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார், உடம்புச் சூடு தெரியட்டும் என்று.

"அன்னைக்கு விழுந்தது வெறும் மயக்கம். பயந்து விழுந்தேன், வேற ஒண்ணுமில்ல. உன்னைய இப்பிடிப் பாக்கப் பயந்துக்கிட்டுத்தான் இத்தன நாளும் வெளிய கெடந்தேன். கதவுக்கு அந்தப் பக்கந்தாம்ட்டி இருந்தேன். கழுத்துல கொழாய் போடணும்னுதான் தாலியக் கழட்டியிருக்காவ. இந்தா, எங்கிட்டதான் இருக்கு. நான் இருக்கேன்லா, பாரு."

அவள் கண்ணோரத்தில் நீர் பொங்கி, இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்க அவளால் முடியாது. அவர்தான் தன் கடைத் துண்டால் துடைத்துவிட்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மிஷின் உடனே ஒன்றும் அடங்கிவிடவில்லை. பிறகு மெல்ல, கத்தல் விட்டு விட்டு வந்து, கடைசியில் நின்றது. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெரிய மூச்சு விட்டார்.

அதன்பின் டாக்டர் குனிந்து, கட்டிலிலேயே வைத்துத் துளை போடப்போவதை, ஏன் என்பதை, வரக்கூடிய ஆபத்தையும் சேர்த்து அவளிடமே சொன்னார். "சம்மதம்னா ஒருதடவ கண்ண மூடித் தொறங்க அக்கா." சங்கரேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தபடியே கண்ணை மூடித் திறந்தாள்.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. தளவாய் அடுத்த பேச்சை ஆரம்பிப்பதற்குள் வேல்சாமி, "அவள எங்கயும் நகத்தாதீங்க மச்சான். படுத்திருக்க எடத்துலயே பண்ணட்டும். அவளே சரின்னு சொல்லிட்டா" என்றார். மச்சினனிடம் முதன்முதலாக ஒன்றை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தளவாய் ஆம்புலன்ஸ்காரரைத் திருப்பி அனுப்பப் போனார்.

துடிப்பு இறங்கி நிலைத்தபின், மத்தியானத்துக்கு மேல் காரியம் நடந்தது. மருந்து ஏறி அவள் கண் செருகுகிற வரைக்கும் அவர் கட்டிலோரம் நின்றார். அப்புறம் திரைச்சீலையை இழுத்து அவரை அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்தபோது, இதுவரைக்கும் பட்ட பயமெல்லாம் வெறும் சில்லறை என்று தெரிந்தது. குரங்கும் இடியும் லாரியும் ஒரு பயமா? இப்போது ஊசி குத்துவார்கள், இப்போது கம்பி போகும், இப்போது ரத்தம் வந்தால்? கையெழுத்துப் போட்டவனும் நான்தான், நகர்த்தாதே என்றவனும் நான்தான். ஏதாவது ஆகிவிட்டால் இந்த உலகத்தில் யார் முகத்தில் விழிப்பது? பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்துச்செல்வி காபி வாங்கி வந்து நீட்டியது அவர் கண்ணில் படவே இல்லை.

கதவு திறந்தது. ரூபியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை, அவள் செருப்பைத்தான் பார்த்தார். "முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றாள். "ரத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லா இருக்காங்க." அவர் அப்படியே நாற்காலியில் சரிந்து, பக்கத்திலிருந்த தளவாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதார். தளவாய் திட்டவில்லை.

கழுத்தைச் சுற்றிக் குழாயின் நாடா கட்டியிருந்ததால் தாலியைத் திரும்பப் போட முடியாது. வீட்டில் பெட்டியில் வையுங்கள் என்று ரூபி சொன்னாள். வேல்சாமி கேட்கவில்லை. அதைத் தன் கழுத்தில் மாட்டி, சட்டைக்கு மேலே தெரிகிற மாதிரி தொங்கவிட்டுக்கொண்டார். அவள் எந்த நேரம் கண் விழித்தாலும் தாலியும் தெரிய வேண்டும், தாமும் தெரிய வேண்டும் என்றார். கடைக்குப் போனாலும் அதே கோலம்தான். தாலி கட்டிக்கொண்ட ஆம்பிளை என்று குற்றாலத்துக் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது, சுற்றுலா வந்த பையன்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். யார் என்ன நினைப்பார்களோ என்று வாழ்நாளெல்லாம் நடுங்கியவர் ஒருதடவைகூட அதை உள்ளே தள்ளி மறைக்கவில்லை. பயம் மட்டும் போகவில்லை. தினமும் அந்தக் கதவுக்கு முன்னால் கால் குழையும். குழைந்த காலோடே உள்ளே போவார்.

தை பிறந்தபின் அவளுக்கு விரல் அசைந்தது, பிறகு தோள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்த மூச்சு. மிஷினைக் கழற்றிவிட்டார்கள். ஒருநாள் காலை டாக்டர் ஜாஹிரா பீவி குழாயின் வாயைத் தன் விரலால் மூடி, "இப்பப் பேசிப் பாருங்க அக்கா" என்றார். வேல்சாமி கழுத்தில் தாலியோடு எதிரே நின்றார். தம்மை அவள் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். ஏன் அத்தனை நாள் உள்ளே வரவில்லை என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று வாரக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தார்.

சங்கரேஸ்வரி இருமினாள். உதடு இரண்டு மூன்று தரம் அசைந்து, பிறகு கரகரவென்று, காற்றுக் கலந்து, அவளுடைய குரல் வந்தது.

"அன்னைக்கு விழுந்தீயளே, தலையில ரொம்ப அடியா?"